இங்கே விட்ட பாட்டிலை அங்கே ஏன் பிடுங்குகிறார்கள்? – விமானத்தில் திரவம் கொண்டுபோவது பற்றி

மேகமூட்டம்:

வணக்கம். வெகுநாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. மனசு ஆறவில்லை, அதனால்தான்.

போன வாரம் அம்மாவும் நானும் இரண்டு விமானம் மாறி வந்தோம். புறப்பட்ட இடத்தில் செக்யூரிட்டி எல்லாம் தாண்டிய பிறகு, உள்ளே இருந்த டூட்டி ஃப்ரீ கடையில் தங்கைக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கினேன். 200 மில்லி. பணம் சேர்த்து வைத்து வாங்கியது. கடையில் இருந்த பெண் அதைச் சிவப்பு ஓரம் போட்ட கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, பில்லையும் வெளியே தெரிகிற மாதிரி உள்ளேயே வைத்து, வாயை ஒட்டிக் கொடுத்தாள். விமானத்தில் அம்மா "வாசனை எப்படி இருக்கு, காட்டேன்" என்றாள். நகத்தால் ஓரத்தைக் கிழித்து எடுத்துக் காட்டினேன். திரும்ப அதே பையில் வைத்து வாயை மடித்துவிட்டேன்.

நடுவில் மாறிய விமான நிலையத்தில் மறுபடியும் சோதனை. அங்கிருந்த பெண் அதிகாரி பையை எடுத்து, கிழிந்த ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த தொட்டியில் போட்டுவிட்டார். கீழே கிடந்த மற்ற பாட்டில்கள் மேல் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பில் இருக்கிறது, சற்று முன்தான் வாங்கியது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பயனில்லை.

போனது போகட்டும். அடுத்த மாதம் இதே வழியில் அப்பாவை அழைத்துப் போகவேண்டும். கூடவே தங்கையும் அவளுடைய ஏழு மாதக் குழந்தையும். அப்பாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, திடமாக எதுவும் இறங்காது. டாக்டர் எழுதிக் கொடுத்த திரவ உணவுதான், 200 மில்லி பாட்டில்களில் வரும். வழியில் குறைந்தது ஐந்து தேவைப்படும். இருமலுக்கு 150 மில்லி சிரப்பும் உண்டு. புறப்படும் இடத்தில் புது ஸ்கேனர் வந்துவிட்டதாம், இரண்டு லிட்டர் பாட்டில்வரை பைக்குள்ளேயே இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். மாறும் இடத்தில் இன்னும் ஒரு பாட்டிலுக்கு 100 மில்லிதான். அப்பாவின் பாட்டில் ஒன்றைக்கூட இழக்க முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜன்னல்சீட்:

மேகமூட்டம், சென்ட் பாட்டில் போனது வருத்தம்தான். ஆனால் பையைக் கிழித்த பிறகு அந்த அதிகாரியால் விட்டிருக்க முடியாது. அது சாதாரணக் கடைப் பை இல்லை. ஒரு தடவை திறந்தால் திறந்தது காட்டிக்கொடுக்கும்படி செய்த பை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ பரிந்துரைத்த மாதிரியில் நாடு நாடாகக் கொடுக்கிறார்கள். பையும் பில்லும் சேர்ந்துதான் சாட்சி: இது சோதனை முடிந்த பகுதிக்குள் வாங்கியது, அதற்குப்பின் யாரும் உள்ளே கைவிடவில்லை. ஓரம் கிழிந்தால் அந்தச் சாட்சி போய்விட்டது. அப்புறம் அது வெறும் 200 மில்லி பாட்டில். போய்ச் சேரும் இடம் வரை திறக்காதீர்கள் என்று பையிலேயே அச்சடித்திருப்பார்கள். கடையில் வாயாலும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

சீல் அப்படியே இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு விடமாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 ஜனவரியிலிருந்து எந்த நாட்டு டூட்டி ஃப்ரீயில் வாங்கியதையும், இந்தப் பையில் சீலோடு இருந்தால், கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு அனுமதிக்கிறார்கள். அமெரிக்கா வழியாக மாறுகிறவர்களுக்கு வாங்கி 48 மணி நேரத்துக்குள் இருக்கவேண்டும், பில்லும் உள்ளே இருக்கவேண்டும். அங்கே முதலில் இறங்கும் ஊரிலேயே பெரிய பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைப்பது வழக்கம். அந்த இடைவெளியில் பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அதோடு கவலை தீர்ந்தது.

இப்போது முக்கியமான விஷயம். விதி உங்கள் டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஒவ்வொரு சோதனை மேடையிலும் அந்த நாட்டு விதிதான். முதல் இடத்தில் இரண்டு லிட்டர் விட்டார்கள் என்பது இரண்டாவது இடத்தில் செல்லாது. வழியில் எத்தனை சோதனை என்று எண்ணுங்கள், அதில் எது மிகக் கடுமையோ அதற்கேற்ப பையை அடுக்குங்கள். திரும்பி வரும் பயணத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

முதல்பயணம்:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். 150 மில்லி ஷாம்பூ பாட்டில், உள்ளே கால்வாசிதான் இருக்கிறது. கொண்டுபோகலாமா? உதட்டுச் சாயம் திரவமா?

எக்ஸ்ரே_கண்:

முதல்பயணம், ஷாம்பூவைக் கொண்டுபோக முடியாது. பாட்டில் மேல் என்ன அளவு அச்சடித்திருக்கிறதோ அதுதான் கணக்கு. உள்ளே மிச்சம் எவ்வளவு என்று அளந்துகொண்டு நிற்க மேடையில் யாருக்கும் நேரம் கிடையாது. 100 மில்லிக்குக் குறைந்த சின்ன டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள். குச்சி மாதிரி கெட்டியாக இருக்கும் உதட்டுச் சாயம் திரவத்தில் சேராது. உதட்டுக்குப் போடும் பளபளப்புக் குழம்பு, கண் இமை மை, பற்பசை, ஜெல், உருளை டியோடரன்ட், ஸ்ப்ரே, கான்டாக்ட் லென்ஸ் தண்ணீர் எல்லாம் சேரும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எளிதாக ஒன்று சொல்வார்: ஊற்ற முடிந்தால், பிதுக்க முடிந்தால், தடவ முடிந்தால், பீய்ச்ச முடிந்தால் அது திரவம்.

நான் சில வருஷம் விமான நிலையச் சோதனை மேடையில் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள்.

கேள்விக்குறி:

கேட்கத்தான் போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2006-இல் வந்த விதி. இத்தனை வருஷமாக உலகம் முழுக்க மக்கள் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டு, குழந்தை சாமானைப் பிரித்துக் காட்டி, ஜிப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பாட்டிலில் 100 மில்லி, ஆளுக்கு ஒரு லிட்டர் பை. பத்துப் பேர் சேர்ந்தால் பத்து லிட்டர். கெட்டவனுக்கு இந்தப் பெருக்கல் தெரியாதா? இன்னொன்று, பிடுங்குகிற பாட்டில் வெடிகுண்டாக இருக்கலாம் என்று நிஜமாகவே நினைத்தால், அதை வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டியில் நூறு பாட்டிலோடு சேர்த்துப் போடுவார்களா? மேகமூட்டத்தின் பாட்டிலை அப்படித்தானே போட்டார்கள்?

பழைய_செய்தித்தாள்:

கேள்விக்குறி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் விதி ஒன்றும் இல்லாததிலிருந்து முளைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திரவம் என்றதும் எல்லாரும் 2006 என்பார்கள். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே ஒன்று நடந்தது. 1994 டிசம்பர் 11, பிலிப்பைன் ஏர்லைன்ஸ் 434. மணிலாவில் கிளம்பி சீபூ வழியாக டோக்கியோ போன விமானம். மணிலாவில் ஏறிய ரம்ஸி யூசுஃப் என்ற பயங்கரவாதி சீட்டுக்கு அடியில் ஒரு சின்னக் குண்டை வைத்துவிட்டு சீபூவில் இறங்கிப் போய்விட்டான். கான்டாக்ட் லென்ஸ் தண்ணீர் பாட்டிலில் நைட்ரோகிளிசரின் என்ற வெடிக்கும் திரவத்தைக் கொண்டுவந்திருந்தான். அடுத்த கட்டப் பயணத்தில் அந்த இருக்கையில் உட்கார்ந்தவர் உயிரிழந்தார். விமானத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகள் பழுதான நிலையிலும் விமானி ஒகினாவாவில் நாஹா விமான நிலையத்தில் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார். அது ஒத்திகை மட்டும்தான். ஒரே நேரத்தில் பல விமானங்களைத் தகர்ப்பதுதான் அவனும் கூட்டாளிகளும் போட்ட திட்டம். 1995 ஜனவரியில் மணிலாவில் அவர்கள் தங்கியிருந்த வீட்டில் தீப்பிடித்ததால் வெளியே வந்தது.

அப்போது திரவத்துக்கு உலகளாவிய தடை எதுவும் வரவில்லை.

2006 ஆகஸ்ட் 10-ஆம் தேதி காலை லண்டனில் விடிந்தபோது கைப்பையே கூடாது என்ற நிலை. முந்தின இரவு போலீஸ் பலரைப் பிடித்திருந்தது. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகும் விமானங்களை நடுக்கடலுக்கு மேல் தகர்ப்பது திட்டம். ஒருவனிடம் சிக்கிய மெமரி ஸ்டிக்கில் ஏழு விமானங்களின் விவரம் இருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு அடிப்படையிலான வெடிக்கும் திரவத்தைக் குளிர்பான பாட்டிலில் கொண்டுபோக நினைத்தார்கள். பாட்டில் மூடியின் சீல் உடையாமலே உள்ளே இருப்பதை மாற்றிவிடும் யோசனை. "இது புதுசு, இன்னும் திறக்கவேயில்லை" என்று நாம் மேடையில் சொல்வது எடுபடாமல் போவதன் வேர் இங்கே இருக்கிறது.

அன்றைக்குப் பிரிட்டனில் பாஸ்போர்ட், பர்ஸ் போன்ற சிலவற்றை மட்டும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். குழந்தைப் பாலை அதிகாரி முன்னால் தாயே சுவைத்துக் காட்டவேண்டியிருந்தது. அமெரிக்கா எல்லாத் திரவத்தையும் தடுத்து, செப்டம்பர் 26-இல் சின்ன பாட்டிலும் ஒரு சின்னப் பையும் என்று தளர்த்தியது. நவம்பர் 6-இல் ஐரோப்பிய ஒன்றியம் 100 மில்லி, ஒரு லிட்டர் பை என்ற சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. பிறகு ஐகாவோ எல்லா நாடுகளுக்கும் அதையே பரிந்துரைத்தது. முக்கியமான மூவர் 2009 செப்டம்பரில் இரண்டாவது விசாரணையில் குற்றவாளிகளாகத் தீர்ப்பானார்கள்.

அந்தச் சதியைக் கண்டுபிடித்தது விமான நிலைய மேடை அல்ல, பல வாரம் பின்தொடர்ந்த போலீஸும் உளவுத்துறையும். அதைச் சொல்லாமல் விட்டால் கேள்விக்குறிக்கு நான் நேர்மையாகப் பதில் சொன்னவன் ஆகமாட்டேன்.

எக்ஸ்ரே_கண்:

பழைய_செய்தித்தாள் எழுதிய பிறகு மேடைப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

பழைய வகை எக்ஸ்ரே ஸ்கிரீனில் மூன்று நிறம் முக்கியம். உலோகம் நீலம். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மாதிரி லேசான அணுக்கள் நிறைந்தவை ஆரஞ்சு. நடுவில் இருப்பவை பச்சை. தண்ணீர் ஆரஞ்சு. ஷாம்பூ ஆரஞ்சு. சிரப் ஆரஞ்சு. பெராக்சைடும் ஆரஞ்சுதான். ஒரு பாட்டில் படுத்துக் கிடந்தால் ஒரு சாயல், நின்றால் ஒரு சாயல், பின்னால் லேப்டாப் சார்ஜர் வந்தால் வேறு சாயல். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பைக்குச் சில விநாடிதான். அந்தச் சில விநாடியில் ஆரஞ்சுக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் சொல்லு என்றால் எந்த மனிதக் கண்ணாலும் முடியாது. நான் இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினால் ஆரஞ்சு நீள்வட்டங்கள்தான் தெரியும். அடையாளம் காண முடியாததை அளவால் கட்டுப்படுத்துவது, அதுதான் 100 மில்லி விதி.

கேள்விக்குறி, தொட்டி பற்றிய உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். மேடையில் நிற்பவருக்கும் அது தண்ணீர் என்று தெரியும். அந்தப் பாட்டில் மேல் சந்தேகப்பட்டுப் பிடுங்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கக் கருவியோ நேரமோ இல்லாததால் அளவு மீறியதை எல்லாம் ஒரேயடியாக ஒதுக்குகிறார்கள். நிஜமாகச் சந்தேகம் வந்தால் பாட்டில் தொட்டிக்குப் போகாது, மேடையே நின்றுவிடும். பத்துப் பேர் கணக்கும் சரிதான். ஆனால் பத்துப் பேர் சேர்ந்தால் ரகசியம் காப்பது பல மடங்கு கஷ்டம், உள்ளே போய் ஒன்றுசேர்ப்பது அதைவிடக் கஷ்டம். விதி அந்த வழியை அடைக்கவில்லை, கடினமாக்குகிறது. அதற்கு மேல் அது எதையும் சாதிப்பதாக நான் சொல்லமாட்டேன்.

புது ஸ்கேனர் வேறு ஜாதி. மருத்துவமனையில் தலையை சி.டி. எடுப்பார்களே, அதே முறை. குழாய் பையைச் சுற்றிச் சுழன்று பல கோணத்தில் படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அதை வெட்டு வெட்டாக அடுக்கி முப்பரிமாணம் ஆக்கும். நான் திரையில் பையைத் திருப்பிப் பார்க்கலாம், மேலே கிடக்கும் துணியை நீக்கிவிட்டுப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டின் அடர்த்தியையும் அது கணக்குப் போடும். தண்ணீர் ஒரு மில்லிக்கு 1 கிராம், தூய ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 1.45. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆரஞ்சு. கணக்குக்கு வேறு வேறு. அதனால்தான் திரவமும் லேப்டாப்பும் பையிலேயே இருக்கட்டும் என்கிறார்கள்.

கேள்விக்குறி:

நேராகப் பதில் சொன்னதற்கு நன்றி. தண்ணீர் என்று தெரிந்தேதான் போடுகிறார்கள் என்பதை ஒரு அதிகாரி மேடையில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எனக்குப் பாதிக் கோபம் அன்றைக்கே தணிந்திருக்கும். அப்படியானால் அந்த ஸ்கேனரை எல்லா இடத்திலும் வைத்துவிட வேண்டியதுதானே? ஒரு ஊரில் இரண்டு லிட்டர், அடுத்த ஊரில் 100 மில்லி என்பது பயணிக்கு எவ்வளவு குழப்பம்?

ஜன்னல்சீட்:

வைக்கத்தான் பார்க்கிறார்கள், ஆனால் அது அவ்வளவு லேசில் நடக்கவில்லை. இந்த வரலாறு பயணிகளுக்கு உபயோகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரிட்டன் 2019-இல் அறிவித்தது: பெரிய விமான நிலையங்கள் எல்லாம் 2022 டிசம்பர் 1-க்குள் மாறவேண்டும். கொரோனா வந்து தள்ளிப்போனது. புதுக் கெடு 2024 ஜூன். 2023 மார்ச்சில் டீஸைடு விமான நிலையம் முதலில் 100 மில்லியைக் கைவிட்டது, அடுத்த மாதம் லண்டன் சிட்டி. ஜனங்கள் பழகிக்கொண்டிருந்தபோதே, 2024 ஜூனில், மாறிவிட்ட நிலையங்களிலும் மறுபடி 100 மில்லி என்று அரசு உத்தரவு போட்டது. கெடு வந்த அதே மாதத்தில்! ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே கதை. புது ஸ்கேனர் வைத்த இடங்களிலும் 2024 செப்டம்பர் 1 முதல் பழைய விதி திரும்பி வந்தது. 2025 ஜூலையில் ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு மறுபடி பச்சைக்கொடி காட்டினார்கள். அதே மாதம் பிரிட்டனில் எடின்பரோவும் பர்மிங்ஹாமும் இரண்டு லிட்டர் பாட்டில்வரை அனுமதித்தன. செப்டம்பரில் அயர்லாந்தின் டப்ளின்.

இதில் பயணி கவனிக்கவேண்டியது, ஒரே நாட்டுக்குள் ஒரு நிலையம் மாறியிருக்கும், பக்கத்து நிலையம் மாறியிருக்காது. மெஷின் வந்துவிட்டது என்பதும் விதி மாறிவிட்டது என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் பல நிலையங்களில் சி.டி. மெஷின் வந்து வருஷங்கள் ஆகின்றன, ஆனாலும் 3.4 அவுன்ஸ் விதி, அதாவது அதே 100 மில்லி, அப்படியே நிற்கிறது. 2025 ஜூலையில் ஷூ கழற்றுவதை நிறுத்தினார்கள், திரவ விதியைத் தொடவில்லை.

எக்ஸ்ரே_கண்:

மெஷின் கனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில பழைய கட்டடங்களில் தரையைப் பலப்படுத்தாமல் அதை இறக்கவே முடியாது.

குட்டிம்மா:

மேகமூட்டம் அக்கா, தங்கச்சிக்குக் குழந்தை இருக்குன்னு படிச்சேன், அதான் ஓடி வந்தேன். நான் ரெண்டு குழந்தையோட நிறையப் பறந்திருக்கேன்.

குழந்தைப் பால், தாய்ப்பால், கொதிக்க வெச்சு ஆறின தண்ணி, குழந்தை உணவு, இதுக்கெல்லாம் 100 மில்லி கணக்கு கிடையாது. பயணத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுத்துக்கலாம். ஆனா தனியா எடுத்து வெக்கணும், மேடைக்குப் போனதும் நாமளே முதல்ல சொல்லணும். அவங்க கண்டுபிடிச்சுக் கேக்கிற வரைக்கும் இருந்தா பதட்டம் ரெண்டு பக்கமும் ஏறிடும். அமெரிக்காவுல தாய்ப்பாலுக்கும் பவுடர் பாலுக்கும் குழந்தை கூட இல்லாட்டியும் அனுமதி உண்டு. பிரிட்டன்ல தாய்ப்பால்னா குழந்தை இல்லாமலும் கொண்டுபோகலாம், ஒரு பாட்டில் 2 லிட்டருக்குள்ள இருக்கணும். பவுடர் பால் கலக்கினதுன்னா குழந்தை கூட இருக்கணும். இன்னொன்னு, உறையவெச்ச தாய்ப்பாலை பிரிட்டன்ல கைப்பையில விடமாட்டாங்க. அமெரிக்காவுல விடுவாங்க. ரெண்டு மாதம் சேர்த்து உறையவெச்ச பாலை யோசிக்காம எடுத்துட்டுப் போய் நான் ஒரு இடத்துல அழுதிருக்கேன். ஒவ்வொரு பையிலயும் தேதி எழுதி வெச்சிருந்தேன். அந்தத் தேதிகளைப் பார்த்துக்கிட்டே கையில இருந்து கொடுத்தேன். அது எந்தத் தாய்க்கும் நடக்கக் கூடாது, அதனால போற வழியில இருக்கிற எல்லா நாட்டு விதியையும் முன்னாடியே படிச்சிடச் சொல்லுங்க.

சில இடத்துல பாட்டிலைத் திறக்கச் சொல்லுவாங்க. பாலைத் தொட விடவேண்டாம், மூடியைத் திறந்து ஆவியை மட்டும் சோதிக்கிற காகிதப்பட்டை இருக்கு, மூடியே திறக்காம லேசர் ஒளியால பாக்கிற கருவியும் சில இடத்துல இருக்கு. "திறக்காம சோதிக்க வழி இருக்கா?"ன்னு மரியாதையா கேளுங்க. பெரும்பாலும் செய்வாங்க.

முதல்பயணம்:

குட்டிம்மா, படித்ததும் கண் கலங்கிவிட்டது.

இன்சுலின்_பேனா:

மேகமூட்டம் அம்மா, அப்பா விஷயத்துக்கு நான் வருகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக இன்சுலினோடு பறக்கிறவன்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தும், உடல்நிலைக்காக அவசியமான திரவ உணவும் 100 மில்லி விதிக்கு விலக்கு. அமெரிக்காவில், பிரிட்டனில், ஐரோப்பிய ஒன்றியத்தில், மூன்றிலும் உண்டு. ஆனால் விலக்கு தானாக வந்து நம் கையில் விழாது, கேட்டு வாங்கவேண்டும். நீங்கள் செய்யவேண்டியது: டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். அப்பாவின் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்தில் அப்படியே இருக்கவேண்டும். திட உணவு இறங்காது, இந்தத் திரவ உணவு இத்தனை மணிக்கு ஒரு தடவை, ஒரு தடவைக்கு இவ்வளவு மில்லி, பயணம் மொத்தம் இத்தனை மணி நேரம் என்று எண்ணிக்கையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். "அவசியம்" என்ற சொல் கடிதத்தில் இருக்கட்டும். ஐந்து பாட்டில் வேண்டும் என்றால் விமானம் தாமதமாகலாம் என்பதையும் சேர்த்து ஏழு என்று எழுதச் சொல்லுங்கள். நான் ஒரு தடவை பதினோரு மணி நேரம் தாமதத்தில் மாட்டியவன்.

பாட்டில்களை மருந்துக் கடை லேபிளோடு, அட்டைப் பெட்டியோடு வையுங்கள். வேறு பாட்டிலில் ஊற்றாதீர்கள். 100 மில்லி ஜிப் பைக்குள் திணிக்கவும் வேண்டாம், அது தனி, இது தனி. ஒரு துணிப்பையில் மருந்தை மட்டும் போட்டு அப்பாவே கையில் வைத்துக்கொள்ளட்டும். ட்ரேயில் வைக்கும் முன்பே கடிதத்தை விரித்துக் கொடுங்கள்.

இவற்றைப் பெரிய பெட்டியில் போட்டு ஒப்படைத்துவிடாதீர்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அப்பா பசியோடு இருப்பார். இன்சுலின்காரர்களுக்கு அதில் இன்னொரு ஆபத்து, கீழ்த்தளக் குளிரில் உறைந்துவிட்டால் மருந்து வீண். வெளியில் பார்க்க ஒன்றும் தெரியாது, உடம்பில் வேலை செய்யாது.

மேகமூட்டம்:

எல்லாருக்கும் நன்றி. இன்சுலின்_பேனா ஐயா, உங்கள் பதிவை அப்படியே காகிதத்தில் எழுதி டாக்டரிடம் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை மறுக்காமல் எழுதிக் கொடுத்தார். இன்னொரு சந்தேகம். பெட்டியில் போடுகிற சாமானுக்கு அளவே இல்லையா? தங்கை ஸ்ப்ரே, லோஷன் எல்லாம் அதில் போட்டுவிடலாம் என்கிறாள்.

ஜன்னல்சீட்:

அங்கே 100 மில்லி விதி இல்லை. ஆனால் வேறு விதி இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 100 மில்லி என்பது பாதுகாப்புச் சோதனை சம்பந்தப்பட்டது. பெட்டிக்கு வருவது தீப்பிடிக்கும் பொருள்கள் பற்றிய விதி. ஸ்ப்ரே, சென்ட், மருந்து போன்றவை ஒவ்வொன்றும் அரை லிட்டருக்கு மேல் கூடாது, ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர், கைப்பையில் இருப்பதையும் சேர்த்து. 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மது எதிலும் கூடாது. 24 முதல் 70 வரை இருந்தால் கடை சீலோடு ஆளுக்கு 5 லிட்டர். பெயின்ட் கரைப்பான், பெட்ரோல் வகையறா பெட்டியிலும் கூடவே கூடாது. தங்கையின் லோஷன் பிரச்சினையே இல்லை.

காலி பாட்டிலை மட்டும் மறக்காமல் கைப்பையில் வையுங்கள். காலியாக இருந்தால் எந்த அளவானாலும் விடுவார்கள், உள்ளே குழாயில் பிடித்துக்கொள்ளலாம்.

பழைய_செய்தித்தாள்:

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் பவுடரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2018 ஜூன் 30 முதல் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பவுடர் கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், சந்தேகம் தீராவிட்டால் விடமாட்டார்கள். குழந்தைப் பால் பவுடருக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு.

கேள்விக்குறி:

மேகமூட்டம், போய்விட்டு வந்து என்ன ஆயிற்று என்று அவசியம் எழுதுங்கள். விதியோடு எனக்கு இருக்கும் சண்டை தனி. உங்கள் அப்பாவின் பாட்டில் ஒன்றுகூடக் குறையக்கூடாது என்று நினைத்துக்கொண்டே இருப்பேன்.

மேகமூட்டம்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். போய் வந்துவிட்டோம்.

புறப்பட்ட இடத்தில் பை பெல்ட்டில் போனது, வந்தது, யாரும் எதையும் கேட்கவில்லை. அப்பா "இவ்வளவுதானா?" என்றார். மாறும் இடம்தான் பயம். அதே மேடையா என்று எனக்கு நிச்சயமில்லை, அதே பச்சைத் தரை. துணிப்பையை அப்பாவே நீட்டினார். நான் கடிதத்தை விரித்துக் கொடுத்தேன். அதிகாரி இளைஞர், முழுவதும் படித்தார். விரலால் பாட்டில்களை எண்ணினார். ஏழு. கடிதத்தில் ஏழு. ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கருவியில் நிறுத்தி மூடினார், பச்சை விளக்கு எரிந்ததும் எடுத்து வைத்தார். ஏழு தடவை பச்சை. அப்பாவுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு அதிகம் வராது. கைகூப்பினார். அந்த இளைஞரும் தலையைத் தாழ்த்தினார். சிரப்பைப் பார்க்கவேயில்லை, லேபிளை மட்டும் பார்த்தார்.

குழந்தைப் பாலுக்கு மூடி திறந்து காகிதப்பட்டை காட்டினார்கள். குட்டிம்மா சொன்னபடி தங்கையே முதலில் சொன்னாள், அதனால் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. பாலைக் குளிர்ச்சியாக வைத்திருந்த ஜெல் பொட்டலம் மட்டும் பாதி உருகியிருந்தது. அதைக் கையில் அழுத்திப் பார்த்துவிட்டு, மேலதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் விட்டார்கள். திரும்பி வரும்போது என்ன செய்வது என்று தங்கை கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆமாம், வரும்போது மறுபடி அந்த சென்ட் வாங்கினேன். வீட்டு வாசலில் வைத்துத்தான் பையைக் கிழித்தோம்.

குட்டிம்மா:

அக்கா, ரொம்ப சந்தோஷம்! அப்பா கைகூப்பினதைப் படிச்சிட்டு வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். ஜெல் பொட்டலத்துக்கு ஒரு வழி சொல்றேன். முழுசா கல்லு மாதிரி உறைஞ்சிருந்தா அமெரிக்காவுல திரவமாவே கணக்கில்ல, கூழா ஆயிடுச்சுன்னாதான் கேள்வி. பாலுக்கும் மருந்துக்கும் வெக்கிறதுன்னா உருகியிருந்தாலும் விடலாம், ஆனா சோதிப்பாங்க. நீண்ட பயணம்னா விமானத்துக்குள்ள பணிப்பெண்கிட்ட ஐஸ் கேட்டு ஒரு ஜிப் பையில போட்டு, இறங்கறதுக்கு முன்னாடி தண்ணியைக் கொட்டிடச் சொல்லுங்க. அடுத்த மேடைக்குப் போகும்போது பையில தண்ணி இருக்காது.